இங்கிலாந்தின் நைட்ரேட் மண்டல விதி: பண்ணையார் கவனிக்க வேண்டியவை

இங்கிலாந்து நிலப்பரப்பில் ஏறக்குறைய 55 விழுக்காடு நைட்ரேட் பாதிப்பு மண்டலத்துக்குள் வருகிறது. ஓடையிலோ நிலத்தடியிலோ நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால், அல்லது தாண்டும் போக்கு தெரிந்தால், அங்கே தண்ணீர் வடியும் நிலங்களுக்கு இந்த விதி பொருந்தும். (ஆய்வக அறிக்கை நைட்ரஜன் கணக்கில் இருந்தால் இதே வரம்பு 11.3 என்றிருக்கும், குழம்ப வேண்டாம்.)

எல்லோரும் முதலில் பார்ப்பது 170 கிலோ வரம்பைத்தான். கால்நடை எருவிலிருந்து ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரியாக 170 கிலோ தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) மேல் போகக்கூடாது. மேயும்போது மாடு இடுவதும் இதில் சேரும். ஆண்டுக்கு 6,000 முதல் 9,000 லிட்டர் வரை கறக்கும் மாட்டுக்கு ஆண்டுக்கு 101 கிலோ தழைச்சத்து என்று கணக்கு. 100 மாட்டுக்கு ஏறக்குறைய 60 ஹெக்டேர் வேண்டும்.

ஆனால் விதி மீறப்படுவது பெரும்பாலும் சாணக்கரைசல் தொட்டியில்தான். குளிர்காலத்தில் பயிர் தழைச்சத்தை எடுப்பதில்லை, மண் நீரால் நிறைந்திருக்கும். நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது. வயலடி வடிகுழாய் வழியே ஓடைக்குப் போய்விடும். அதனால் புல்வெளிக்கு அக்டோபர் 15 முதல் ஜனவரி 31 வரையும், உழும் நிலத்துக்கு அக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரையும் சாணக்கரைசலும் கோழி எருவும் தெளிக்கத் தடை. மணற்பாங்கான, ஆழமில்லாத மண்ணுக்குத் தேதிகள் வேறு: புல்வெளிக்குச் செப்டம்பர் 1, உழும் நிலத்துக்கு ஆகஸ்ட் 1 தொடங்கி டிசம்பர் 31 வரை. வைக்கோல் கலந்த தொழுவுரத்துக்கு இந்தத் தடை இல்லை.

ஆகவே மாட்டுச் சாணக்கரைசலை 5 மாதமும், பன்றிச் சாணக்கரைசலையும் கோழி எருவையும் 6 மாதமும் சேமிக்க இடம் வேண்டும். மழைநீரைக் கணக்கில் விட்டுவிடுவதே பெரிய பிழை. 1,000 சதுர மீட்டர் முற்றத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்குள் வரும். கூரைநீரைக் கூரை விளிம்பில் தகர வடிகால் வைத்துத் தனியே வெளியேற்றுவது புதுத் தொட்டி கட்டுவதைவிட மலிவு. அதையே முதலில் செய்யுங்கள்.

தடை முடிந்ததும் மொத்தமாகக் கொட்டிவிட முடியாது. பிப்ரவரி முடியும்வரை ஒரு முறைக்கு ஹெக்டேருக்கு 30 கன மீட்டர் சாணக்கரைசல்தான். அடுத்த முறைக்கு 3 வாரமாவது இடைவெளி வேண்டும். நீர் தேங்கிய, பனி மூடிய நிலத்தில் எப்போதுமே கூடாது. ஓடையிலிருந்து 10 மீட்டர், கிணறு, ஊற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளியே எரு இட வேண்டும். ரசாயன உரத்துக்கு ஓடையிலிருந்து 2 மீட்டர்.

சுண்ணப்பாறைப் பகுதிகளில் நைட்ரேட் நிலத்தடியில் இறங்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அங்கே விதியைச் சரியாகப் பின்பற்றியும் அளவு குறையாதது கண்டு மனம் தளர வேண்டாம். வடிகுழாய் போட்ட களிமண் பகுதி ஓடைகளில் மாற்றம் முன்னதாகத் தெரியும்.

தெளித்த தேதி, வயல், அளவு ஆகியவற்றைப் பதிந்து 5 ஆண்டுகள் வைத்திருங்கள். சுற்றுச்சூழல் முகமை அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது அவற்றைக் காட்ட வேண்டும்.