மூன்று, இரண்டு, ஒன்று: ஹைஸ்மன் கோப்பையின் கணக்கு

பெரிய பெயர் இல்லாத கல்லூரி ஃபுட்பால் அணியில் ஆடுகிறவருக்கு ஹைஸ்மன் கோப்பை கிடைக்கவே கிடைக்காதா என்று அமெரிக்காவில் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாய்ஸி ஸ்டேட் அணியின் ஆஷ்டன் ஜென்டிக்கு 2024இல் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை போலும். “எல்லாம் அரசியல் சார்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார். அரசியல் இருக்கலாம். அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. என்னை இழுப்பது அதுதான்.

நம் ஊர் ஃபுட்பால் அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். அணிகள் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் குழுக்களாகப் பிரிந்து, பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்ளும். பிக் டென் போன்ற சில குழுக்களிடம்தான் பணமும் தொலைக்காட்சி நேரமும். கல்லூரி ஆட்டக்காரர்களில் ஆண்டின் சிறந்தவருக்கு 1935 முதல் தரப்படுவது ஹைஸ்மன். வாக்களிப்பவர்களில் பெரும்பாலோர் பத்திரிகையாளர்கள்: நாட்டை ஆறு மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு 145 பேர் என 870 பேர். கூடவே முன்பு விருது வென்றவர்கள், ரசிகர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கு. ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்த வேண்டும். முதல் பெயருக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, மூன்றாவதற்கு 1.

இந்த முறையின் மூதாதை 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் கணித வல்லுநருமான ஜான்-ஷார்ல் த போர்தா. ஒற்றை வாக்கு முறையில், பாதிப்பேருக்குக் கொஞ்சமும் பிடிக்காதவர்கூட வென்றுவிடலாம் என்பது அவருடைய கவலை. வரிசையாக எழுதச் சொன்னால் ‘எத்தனை பேருக்கு உயிர்’ என்பதோடு ‘எத்தனை பேருக்குப் பரவாயில்லை’ என்பதும் கூட்டலில் ஏறிவிடும். விடுதி மெஸ்ஸில் பாதிப்பேர் மட்டன், பாதிப்பேர் மீன் என்று மல்லுக்கட்டி, எதிராளியின் உணவைப் பட்டியலிலேயே சேர்க்காதபோது, எல்லோருடைய பட்டியலிலும் இரண்டாவதாக இருக்கும் எலுமிச்சை சாதம் ஜெயிக்கிற கதை.

இதற்கு 1956ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த ஆண்டு ஓக்லஹோமா தோல்வியே காணாத அணி. நோட்டர் டேமோ பத்தில் எட்டு ஆட்டம் தோற்றது. இரண்டும் நேருக்கு நேர் மோதியபோது ஓக்லஹோமா 40-0 என்று துவைத்து எடுத்தது. ஆனால் கோப்பை போனது நோட்டர் டேமின் பால் ஹார்னங்குக்கு! தோல்விகள் மிகுந்த அணியிலிருந்து ஹைஸ்மன் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

சீட்டுகளைப் பிரித்துப் பார்ப்போம். ஓக்லஹோமாவின் டாமி மெக்டொனால்டுக்கு முதலிட வாக்குகள் 205, ஹார்னங்குக்கு 197. நம் ஊர்த் தேர்தல் என்றால் மெக்டொனால்டு கழுத்தில் மாலை. ஆனால் ஹார்னங்கை இரண்டாவதாக எழுதியவர்கள் 162 பேர், மூன்றாவதாக எழுதியவர்கள் 151 பேர். மெக்டொனால்டுக்கு அவை 122, 114. கூட்டினால் ஹார்னங் 1,066. டென்னசியின் ஜானி மேஜர்ஸ் 994. அதிக முதலிடம் பெற்ற மெக்டொனால்டு 973 புள்ளியோடு மூன்றாவது.

எடைகளை மாற்றினால் முடிவு மாறுமா? பசிபிக் தீவு நாடான நவுரு தன் நாடாளுமன்றத் தேர்தலில் 1, ½, ⅓ என்று எடை போடுகிறது. முதலிடத்துக்கு அங்கே மதிப்பு அதிகம். அந்த எடையில் ஹார்னங் சுமார் 328, மெக்டொனால்டு 304, மேஜர்ஸ் 303. இரண்டாமிடம் கைமாறுகிறது, முதலிடம் அசையவில்லை. சரி, இரண்டாம், மூன்றாம் இடங்களின் 2, 1 அப்படியே இருக்க, முதலிடத்துக்கு எத்தனை புள்ளி கொடுத்தால் மெக்டொனால்டு ஜெயிப்பார்? போட்டுப் பார்த்தேன்: 15! அப்போதும் 3,433க்கு 3,430 என்று மயிரிழையில்தான். ஹார்னங்கின் பெயர் 510 சீட்டுகளில் இருந்தது, மெக்டொனால்டின் பெயர் 441இல். அந்த இடைவெளியை எட்டு முதலிட வாக்குகளால் நிரப்ப முடியாது. போதாக்குறைக்கு, அதே ஓக்லஹோமாவின் ஜெர்ரி டப்ஸுக்கும் 121 முதலிட வாக்குகள் போயிருந்தன.

ஆகவே அணி தோற்பது அவ்வளவு பெரிய குற்றமில்லை. சீட்டில் பெயர் ஏறாமல் போவதுதான் குற்றம். நான்காவது நல்ல ஆட்டக்காரருக்கும் நாற்பதாவது ஆட்டக்காரருக்கும் ஒரே மதிப்பு, பூஜ்யம். நாடு முழுக்கத் தெரிந்த நோட்டர் டேமின் ஆள், எந்த மண்டலத்துச் சீட்டிலும் மூன்றாவது பெயராகவாவது வந்துவிடுவார். சின்ன அணிக்காரருக்கு அந்த ஒரு புள்ளியே மலை. இதற்காகக் கல்லூரிகள் படும் பாடு வேடிக்கை. 1990இல் பிரிகம் யங் பல்கலைக்கழகம், டை டெட்மர் என்ற தன் வீரரின் பெயரை வைத்து அட்டையில் கழுத்து டை செய்து பத்திரிகையாளர்களுக்கு அனுப்பியது. அதைக்கூட ரசிக்கலாம். 2001இல் ஆரிகன் பல்கலைக்கழகத்துக்காக அதன் வீரர் ஜோயி ஹாரிங்டனின் படத்தை நியூயார்க்கில் பத்து மாடி உயரப் பலகையில் ஏற்றினார்கள். செலவு 2,50,000 டாலர், கிடைத்தது நான்காமிடம். அந்தப் பணத்தில் ஓர் ஆய்வகத்துக்கு நல்ல நுண்ணோக்கி வாங்கியிருக்கலாம் என்று நினைக்கிற சாதி நான்.

டெட்மர் வென்றார். பெரிய குழுக்களுக்கு வெளியிலிருந்து வென்றவர்களில் கடைசி ஆள் அவர்தான். விருது அறிவிக்கப்பட்ட அன்றே அவருடைய அணி ஹவாயிடம் 59-28 என்று உதை வாங்கியது. ‘ஹைஸ்மன் சாபம்’ என்பார்கள். சாபமும் இல்லை, தோஷமும் இல்லை. உச்சத்தில் இருக்கும் நாளில் விருது தந்தால், அடுத்து வருவது இறக்கமாகத்தான் தெரியும்.

ஜென்டிக்கு வருவோம். 309 முதலிடம், 517 இரண்டாமிடம், 56 மூன்றாமிடம். மொத்தம் 882 சீட்டுகள்! பெயர் ஏறுகிற முதல் தடையை அவர் சுத்தமாகத் தாண்டிவிட்டார். கொலராடோவின் டிராவிஸ் ஹண்டருக்கு 552 முதலிடம். 2,231க்கு 2,017 என்று கதை முடிந்தது. அந்த 517 பேரும் ஜென்டியைப் பார்த்தார்கள், மெச்சினார்கள், ஆனால் முதலிடம் தரக் கை வரவில்லை. தாக்குதல், தடுப்பு இரண்டிலும் ஆடிய ஹண்டரின் அபூர்வம் ஒரு காரணம். இன்னொன்று, ஜென்டி பந்தோடு ஓடி முன்னேறிய 2,601 யார்டில் (ஒரு யார்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு) பெரும்பகுதி யாருக்கு எதிராக என்ற சந்தேகம்.

இந்தச் சந்தேகம் நியாயமானது. அளந்து தீர்ப்பது கடினம். ஒரு குழுவுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால், ஆட்டக்காரர் வலுவா எதிரணி சொத்தையா என்று எண்களால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு குழுக்களை இணைக்கும் ஒன்றிரண்டு ஆட்டங்கள்தான் பாலம். ஜென்டிக்கு அப்படி ஒரு பாலம் இருந்தது: 2024 செப்டம்பரில் ஆரிகனுக்கு எதிராக 192 யார்டு, மூன்று டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது). ஆட்டமோ 37-34 என்று கைநழுவியது. 1990 செப்டம்பரில் டெட்மரின் பாலம் மயாமி, அப்போதைய தேசிய சாம்பியன். அதை அவர் 28-21 என்று வென்றார்.

மற்ற விருதுகளில் கதவு இன்னும் அகலம். அதே 2024இல் சிறந்த ஆட்டக்காரருக்கான மேக்ஸ்வெல் விருதும், பந்தோடு ஓடுபவர்களுக்கான டோக் வாக்கர் விருதும் ஜென்டிக்குத்தான். 1997இல் மார்ஷல் அணி மேல்பிரிவுக்கு வந்த முதல் ஆண்டிலேயே ராண்டி மாஸ், பந்தைப் பிடிப்பவர்களுக்கான பிலெட்னிகாஃப் விருதை வாங்கினார். ஹைஸ்மனில் அவருக்கு நான்காமிடம். 2025இல் ஹைஸ்மனை வென்ற ஃபெர்னாண்டோ மெண்டோசாவின் இண்டியானா, அதற்கு முன் நெடுங்காலம் தோல்விக்கே பேர்போன அணி. ஆனால் அது பிக் டென் குழுவில் இருக்கிறது. பாலம் தேடி அலைய வேண்டியதில்லை. குழுவின் இறுதி ஆட்டத்திலேயே ஒஹாயோ ஸ்டேட் எதிரே நின்றது, 13-10 என்று வென்றார்கள்.