பிடிபட்ட வண்டியை மீட்காமல் விட்டால் என்ன ஆகும்?

போலீஸ் ஸ்டேஷன் சுவரை ஒட்டி நிற்கும் கார்களைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். முன்கண்ணாடி மேல் சருகு குவிந்திருக்கும். டயர்கள் மண்ணில் புதைந்திருக்கும். வெள்ளை பெயிண்டில் எழுதிய குற்ற எண் பாதி அழிந்திருக்கும். பல வண்டிகளுக்கு உரிமையாளர் இருக்கத்தான் செய்கிறார். “கேஸ் முடியட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்” என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்கிறார். பொதுவாகக் கேஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வண்டி எதற்காகப் பிடிபட்டது என்பதை வைத்துத்தான் எங்கே போவது என்று முடிவாகும். நோ பார்க்கிங்கில் நின்றதாலோ, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்ததாலோ இழுத்துப் போயிருந்தால், அது மோட்டார் வாகனச் சட்டம் 127-ஆவது பிரிவு. அபராதத்தோடு இழுத்த கூலியையும் உரிமையாளர்தான் கட்ட வேண்டும். லைசென்ஸ், பதிவு, பெர்மிட் இல்லாமல் ஓட்டியதற்காகப் பிடித்தால் 207-ஆவது பிரிவு. உரிய ஆவணங்களோடு போக்குவரத்து அதிகாரியிடம் மனு கொடுத்தால், சரிபார்த்துவிட்டு அவரே விடுவிக்கலாம். இவை இரண்டும் பெரிய தலைவலி இல்லை.

விபத்து, திருட்டு போன்ற குற்ற வழக்கில் சிக்கிய வண்டிக்குத்தான் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை வைத்து இடைக்கால விடுவிப்பு மனு போட்டால், பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு வண்டியைத் தருவார்கள். விற்கக் கூடாது, கூப்பிடும்போது கொண்டுவர வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும். ஆனால் சாட்சியத்துக்குப் பெரும்பாலும் வண்டியே வந்து நிற்க வேண்டியதில்லை, படங்கள் போதும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆவது பிரிவில், கோர்ட்டில் ஒப்படைத்த பொருளுக்கு 14 நாளுக்குள் விவரப் பட்டியல், பட்டியலும் படமும் எடுத்த பிறகு 30 நாளுக்குள் அதை என்ன செய்வது என்று உத்தரவு எனக் கெடுவே இருக்கிறது. மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிடத் தயங்காதீர்கள்.

சரி, யாருமே போகவில்லை என்றால்? சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லிவிட்டது. உரிமையாளர் வராவிட்டால், இன்சூரன்ஸ் உள்ள வண்டிக்கு அந்தக் கம்பெனிக்கு கோர்ட் தகவல் கொடுக்கும். கம்பெனியும் எடுத்துக்கொள்ளாவிட்டால் விற்கலாம். வேறு யாரும் உரிமை கோராத வண்டியை ஏலம் விடலாம். வண்டி கோர்ட்டின் முன் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் உத்தரவு போட வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

உரிமையாளர் யாரென்றே தெரியாத வண்டிக்கு அதே சன்ஹிதாவின் 503, 504 பிரிவுகள். கோர்ட் பொது அறிவிப்பு வெளியிடும். 6 மாதத்துக்குள் யாரும் வந்து உரிமையை நிரூபிக்காவிட்டால் வண்டி மாநில அரசின் கைக்குப் போகலாம், விற்கப்படலாம். அந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு உண்டு. உரிமையாளர் தெரியாமலோ வராமலோ இருந்து, வண்டியின் மதிப்பும் 10,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் 505-ஆவது பிரிவில் எப்போது வேண்டுமானாலும் விற்கச் சொல்லலாம். பழைய டூவீலர்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் யாரையாவது காயப்படுத்திய அல்லது உயிரைப் பறித்த நிலை. இழப்பீட்டுக்குப் போதிய உத்தரவாதம் கட்டாமல் அது வெளியே வராது. கட்டாவிட்டால், கைப்பற்றிய 3 மாதத்துக்குப் பின் ஏலம் விட்டு, அந்தப் பணத்தை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். டெல்லியில் இருந்த இந்த விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று 2018-இல் உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கணவரை இழந்து நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஏலப் பணம் மட்டுமே கைக்கு வரும் தொகையாக இருக்கலாம். இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

போதைப்பொருள் வழக்கில் வண்டியையே அரசுடைமை ஆக்கிவிடலாம். ஆனால் பிடித்து ஒரு மாதம் ஆகாமலும், உரிமை கோருபவரைக் கேட்காமலும் அந்த உத்தரவு போடக் கூடாது. தனக்குத் தெரியாமல் வண்டி பயன்படுத்தப்பட்டது என்று நிரூபிக்க வேண்டியது உரிமையாளர்தான். அதனால் நோட்டீஸ் வந்ததும் பதில் கொடுத்தே ஆக வேண்டும்.

நோட்டீஸ் எங்கே வரும்? பெரும்பாலும் ஆர்.சி.யில் உள்ள முகவரிக்கு. வீடு மாறினால் 30 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு சொல்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுபவரின் பாடு இன்னும் மோசம். கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போகும், அவரோ நமக்கென்ன என்று ஓரமாக வைத்துவிடுவார்.