கழிவறைக் கதவில் புதிர் எதற்கு?

கடைத்தொகுதிகளில் புதிதாகத் திறக்கும் சில உணவகங்களில் கழிவறைக் கதவைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் மீசை, இன்னொன்றில் உதடு. இல்லாவிட்டால் நேராக ஒரு முக்கோணம், தலைகீழாக ஒரு முக்கோணம். இளையர்கள் படமெடுத்துப் போடுவார்கள், சரி. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; பக்கவாதம் வந்தவர்களுக்கும் முதுமைக்கால மறதிநோய் உள்ளவர்களுக்கும் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குவது என் பணி, அவர்களில் பலருக்கு அந்த முக்கோணத்தின் முன் நின்று யோசிக்க நேரம் கிடைக்காது.

யோசிக்க வைக்காமல் இருக்கத்தான் படமே வந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், ஜப்பானிய மொழி தெரியாத விருந்தாளிகளுக்காகக் கழிவறை உட்பட பலவற்றுக்கும் படக்குறிகள் வரைந்தார்கள். இன்று எங்கும் பார்க்கும் உருண்டைத் தலை ஆணும் கவுன் போட்ட பெண்ணும் பரவியது 1974-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக ரோஜர் குக், டான் ஷனோஸ்கி இருவரின் வடிவமைப்பு நிறுவனம் வரைந்த 34 குறிகளால். கைலி கட்டிய நம் தாத்தாக்கள் யாரும் அந்தக் கவுனைப் பார்த்து ஏமாந்ததாகத் தெரியவில்லை!

சக்கர நாற்காலிக் குறியை 1968-இல் வரைந்தவர் சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி. அவர் வரைந்ததில் தலையே இல்லை, வெறும் நாற்காலி. பிறகுதான் அதில் ஓர் ஆளை உட்கார வைத்தார்கள். படம் நாற்காலி என்பதால் அந்தக் குறியுள்ள கழிவறை நாற்காலிக்காரர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வயிற்றில் மலப்பை பொருத்தியவர், பார்க்கின்சன் நோயாளி, அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வரும் மகன், எல்லாருக்கும் அந்த அறை தேவைப்படும். நடந்து வெளியே வருகிறவரை முறைக்காதீர்கள்.

இன்னொன்று. ஆண், பெண் உருவம் யாருக்கான அறை என்று சொல்கிறதே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. மறதிநோய் முற்றியவருக்கு அது வெறும் மனிதப் படம். அதனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கழிவறைக்குக் கழிவறைக் கோப்பையின் படத்தையே ஒட்டச் சொல்வேன், கதவின் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபடுகிற அட்டையில். பக்கச் சுவரில் வேண்டாம், கதவிலேயே ஒட்டுங்கள். முதியவர்கள் குனிந்து நடப்பதால் கொஞ்சம் தாழ்வாக. படத்தோடு அவருக்குச் சின்ன வயதில் பழகிய மொழியில் பெரிதாக எழுதுங்கள், பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் நழுவிவிடக்கூடும். அப்புறம், இரவில் உள்ளே விளக்கை எரியவிட்டுக் கதவைத் திறந்தே வையுங்கள்.