குப்பைக்குள் காற்று எவ்வளவு தூரம் போகும்?

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத்தான் வைக்கிறேன். தெருமுனைக்குப் போனதும் இரண்டும் ஒரே தொட்டியில் விழுகின்றன. சரி, நாமே உரமாக்கலாம் என்று மொட்டைமாடியில் தொட்டி வைத்தால், சில நாட்களிலேயே நாற்றம் தாங்கவில்லை. நான் ஒருவன் பிரித்து என்ன ஆகப்போகிறது?”

அவருடைய சலிப்பு நியாயமானது. குப்பையைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. பிரித்துக் கொடுத்ததைப் பிரித்தபடியே கொண்டுபோக வேண்டியவர்கள் அப்படிச் செய்யாவிட்டால் கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் இந்தக் கேள்விக்குக் குப்பை லாரியில் விடை தேட வேண்டியதில்லை. சமையலறைக் கழிவு மண்ணாகுமா, நாறுமா என்பது பெரும்பாலும் வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே முடிவாகிவிடுகிறது. முடிவு செய்வது ஆக்சிஜன்.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். ஆக்சிஜன் கிடைக்கும் பாக்டீரியா உணவை முழுமையாக எரித்து, கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும். கிடைக்காவிட்டால் நொதித்தல் தொடங்கும். இட்லி மாவு புளிப்பதும் அப்படித்தான்; அங்கே உருவாவது நாக்குக்கு இதமான லாக்டிக் அமிலம். கட்டி வைத்த குப்பைப் பையில் அது தொடக்கம் மட்டுமே. அடுத்து பியூட்ரிக் அமிலம் வரும், வாந்தியின் நெடி அதனுடையது. புரதம் இருந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்துகொள்ளும்.

அப்படியானால் பையைத் திறந்து வைத்தால் போதாதா? சுற்றிலும் காற்றுதானே இருக்கிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் வருகிறது.

ஆக்சிஜன் மூலக்கூறு எந்த இலக்கும் இல்லாமல் மோதி மோதித்தான் நகர்கிறது. இப்படி அலைகிற ஒன்று இருமடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் ஆகும். பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு நேரம். 1905இல் ஐன்ஸ்டீன் பிரௌனியன் இயக்கத்தை, அதாவது நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அலைச்சலை, விளக்கியபோது கிடைத்த விதி இது. இதோடு இன்னொரு உண்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அசையாத காற்றில் ஆக்சிஜன் 1 சென்டிமீட்டர் பரவ இரண்டு மூன்று விநாடி போதும். அதே 1 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். 10 சென்டிமீட்டர் காற்றைக் கடக்க நான்கு நிமிடம். 10 சென்டிமீட்டர் தேங்கிய தண்ணீரைக் கடக்க மூன்று வாரத்துக்கும் அதிகம். அதுவும் வழியில் யாரும் அதைப் பிடித்துத் தின்னாவிட்டால்தான். குப்பையிலோ ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் பசித்த பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. ஆகவே நீர் கோத்த காய்கறித் தோலுக்குள் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர் இறங்குவதற்குள் தீர்ந்துபோகிறது. மேலே எத்தனை காற்று வீசினாலும் உள்ளே ஒரு துளி ஆக்சிஜன் கிடையாது.

சமையலறைக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெள்ளரி, சுரைக்காய்த் தோலில் அதைவிடவும் அதிகம். செல்கள் சிதைந்ததும் அந்த நீர் வெளியே வந்து இடுக்குகளையெல்லாம் அடைத்துவிடுகிறது. வாசகரின் மொட்டைமாடித் தொட்டியில் நடந்தது இதுதான்.

உரத் தொட்டியில் கலக்கும் தென்னை நார்த்தூள் செய்யும் வேலை இப்போது புரியும். அது தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சிக்கொள்கிறது; அதில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் அதிகம் என்பதால் எளிதில் மக்கி அமுங்கிப்போவதும் இல்லை. துகள்களுக்கு நடுவே காற்று இடுக்குகள் திறந்தே இருக்கின்றன. விநாடிக் கணக்கில் ஆக்சிஜன் வந்து சேர்கிறது. தெருவோரத்துத் தூங்குமூஞ்சி மரமும் புங்கமும் உதிர்க்கும் காய்ந்த சருகும் இதே வேலையைச் செய்யும். கூடவே கார்பனையும் தரும். நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு இருந்தால் நுண்ணுயிர்களுக்கு வசதி. காய்கறிக் கழிவில் கார்பன் அதைவிடக் குறைவு. மிஞ்சும் நைட்ரஜன் அமோனியாவாக வெளியேறி மூக்கைத் துளைக்கும்.

நாறும் தொட்டியைக் கொட்டிவிட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் பரப்பி, கட்டிகளை உடைத்து, நார்த்தூளையோ சருகையோ தாராளமாகக் கலந்து மீண்டும் நிரப்புங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. நாற்றத்துக்குக் காரணமான அமிலங்களே ஆக்சிஜனில் வாழும் பாக்டீரியாவுக்கு நல்ல உணவு என்பதால், அவை தின்னப்பட்டு மறைந்துவிடும்.

இனி சென்னையின் குப்பை போய்ச் சேரும் பெருங்குடி கிடங்குக்கு வருவோம்; அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு மோல் குளுக்கோஸ், அதாவது 180 கிராம், ஆக்சிஜனோடு எரிந்தால் ஏறத்தாழ 2,800 கிலோஜூல் வெளிப்படும். நுண்ணுயிர்கள் உடலை வளர்க்க எடுத்துக்கொண்டது போக மீதி வெப்பமாகும். ஒரு கிலோ ஈரக் கழிவை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 8 கிராம் குளுக்கோஸ் தரும் வெப்பமே போதும். பெரிய உரக் குவியல்களில் ஆவி பறப்பது இதனால்தான். வீட்டுத் தொட்டி சிறியது. சூட்டை விரைவாக இழந்துவிடும், அவ்வளவு கொதிக்காது.

அதே 180 கிராம் ஆக்சிஜன் இல்லாத குப்பைமேட்டின் ஆழத்தில் சிதைந்தால், கடைசியில் மூன்று மோல் மீத்தேனும் மூன்று மோல் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். அந்த மீத்தேனை எரித்தால் 2,670 கிலோஜூல். அதாவது மூல ஆற்றலில் 95 சதவீதம் எங்கும் போகவில்லை. எரிவாயுவாக உள்ளேயே காத்திருக்கிறது. பெருங்குடி குப்பைக் கிடங்கில் 2022 ஏப்ரல் இறுதியில் பற்றிய தீயை அணைக்கப் பல நாட்கள் ஆயின. தீயைத் தொடங்கிவைப்பது எதுவாக இருந்தாலும், பிளாஸ்டிக்கோடு இந்த வாயுவும் அதற்குத் தீனி. நாம் தூக்கியெறிந்த சோற்றிலும் தோலிலும் இருந்த சூரிய ஆற்றல்தான் அது. எரியாமல் வெளியேறும் மீத்தேனோ, 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 80 மடங்கு புவியைச் சூடாக்குகிறது. இத்தனையும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டி நடக்கிறது. அந்தச் சதுப்புநிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதும் அதே 2022இல்தான்.

ஆகவே வாசகருக்கு என் பதில்: ஈரக் கழிவு வீட்டைவிட்டு வெளியே போகாவிட்டால், தெருமுனையில் கலப்பதற்கு ஒன்றும் இருக்காது. மீதிக் காகிதமும் அட்டையும் பால் கவரும் உலர்ந்தே போய்ச் சேரும். சாம்பார் ஊறிய அட்டையைப் பழைய பேப்பர் கடைக்காரர்கூட வாங்கமாட்டார். உலர்ந்த அட்டைக்கு விலை உண்டு. தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் அழுகலைக் கிளற வேண்டியதும் இல்லை. என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாக் காரணங்களையும்விட இது பெரிய காரணம். தொட்டி வைக்க இடமில்லாதவர்கள் கழிவை ஒரு வடிதட்டில் சில மணி நேரம் வடியவிட்டுக் கொடுத்தால், எடையும் குறையும், நாற்றமும் தள்ளிப்போகும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே கொண்டுபோனால் லட்சுமி போய்விடுவாள் என்ற நம்பிக்கை இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. மங்கிய விளக்கொளியில் குண்டுமணித் தங்கம் தவறிப் போகாமலிருக்க அந்த வழக்கம் உதவியிருக்கலாம். இன்றைய சென்னையின் 30 டிகிரி இரவில், கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் பாக்டீரியாவுக்குப் பத்து மணி நேரம் கொடுப்பதற்கு அதில் எந்த நியாயமும் இல்லை. போகி அன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவதற்கும் எந்த நியாயமும் இல்லை. 2018 போகியன்று புகைமூட்டத்தால் விமானங்களே திண்டாடின.

லாரி வாங்கவும் கிடங்கைத் தோண்டவும் பணம் ஒதுக்கும் அரசு, நம் சமையலறைக் கழிவை ஆராயவும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புளிச் சக்கையும் மோர்ச் சோறும் மீன் செதிலும் சேர்ந்த கலவை, வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் எந்த விகிதத்தில் நார்த்தூள் கேட்கிறது என்பதை வேளச்சேரியிலும் வியாசர்பாடியிலும் அளந்து பார்க்க வேண்டும். அதற்குச் சில வெப்பமானிகள், சில ஆக்சிஜன் உணரிகள், இரண்டு ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை, ஒரு முழு ஆண்டு அவகாசம், இவ்வளவுதான் தேவை.