சத்தமே இல்லையே, தூங்குதுன்னு நினைச்சேன்

போன வாரம் ஓபியில் ஒன்றரை மாத ஊசிக்கு வழக்கமான கூட்டம். வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே ரிங் ஸ்லிங் தொங்கியது, குழந்தையைச் சுமக்க வளையத்தில் கோத்துத் தோளில் மாட்டிக்கொள்ளும் நீளத் துணி அது. தூசி படக்கூடாதென்று மேலே துப்பட்டாவும் போர்த்தியிருந்தார். எடை பார்க்கக் கூப்பிட்ட சிஸ்டர் துப்பட்டாவை விலக்கியவர், "டாக்டர், இங்க வாங்க" என்றார். அந்தக் குரலிலேயே விஷயம் புரிந்துவிட்டது. துணிக்குள் குழந்தை பிறை மாதிரி வளைந்து கிடந்தது. மோவாய் நெஞ்சில் ஒட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. வெளியே எடுத்துப் படுக்கவைத்து மோவாயை லேசாக உயர்த்தினேன். ஒரு நீண்ட மூச்சு, அப்புறம் வீறிட்ட அழுகை. சிஸ்டரும் அப்போதுதான் மூச்சு விட்டார்.

குழந்தையை ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினோம், நன்றாக இருக்கிறது. இந்த வருடத்தில் இப்படி வந்த மூன்றாவது குழந்தை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னது: "சத்தமே இல்ல டாக்டர், நல்லாத் தூங்குதுன்னு நினைச்சேன்." கூட வந்த பாட்டி விடவில்லை. "மூச்சு முட்டியிருந்தா அழுதிருக்குமே?"

மூன்று வீட்டிலும் இதே கேள்வி. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அழுகை என்பது என்ன? நுரையீரலிலிருந்து வெளியே வரும் காற்று தொண்டையில் குரலாக மாறுவது. காற்றே போகாத இடத்தில் சத்தம் எங்கிருந்து வரும்? இளநீர் ஸ்ட்ராவை நடுவில் மடக்கிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாயும் அப்படித்தான், மெல்லியது, வளைகிற பதம். தலையோ உடம்புக்கு மீறிய கனம். தலை நிற்காத குழந்தையின் மோவாய் நெஞ்சில் சாய்ந்தால் வழி மடங்கிவிடும். தானாகத் தலையைத் தூக்க அதற்குத் தெம்பு கிடையாது. சரி, கைகாலையாவது உதைக்காதா என்பீர்கள். பல நேரம் உதைக்காது. ஆக்சிஜன் குறையக் குறைய மயக்கம்தான் வரும். வெளியிலிருந்து பார்த்தால் அது அசல் தூக்கம். முகத்தின் மேல் துணியும் இருந்தால், விட்ட மூச்சையே திரும்ப இழுத்து இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஸ்லிங்கில் இருக்கிற குழந்தை அமைதியாக இருந்தால் நிம்மதி வேண்டாம், எட்டிப் பாருங்கள்.

2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஸ்லிங் பற்றி எச்சரிக்கை விட்டது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் நடந்த 14 மரணங்கள் அதன் கவனத்துக்கு வந்திருந்தன. அவற்றில் 12 குழந்தைகளுக்கு நான்கு மாதம்கூட நிறையவில்லை.

"நாங்க எல்லாம் தூளியில வளர்த்த புள்ளைங்கதானே?" என்றும் பாட்டி கேட்டார். தூளியோடு எனக்குள்ள சண்டை தனி, அது இன்னொரு நாளைக்கு. ஆனால் ஸ்லிங் தூளி இல்லை. குழந்தையை அதில் படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி வையுங்கள்.

ஸ்லிங்கே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. குறைமாதக் குழந்தைகளை ஆஸ்பத்திரியில் நாங்களே தாயின் நெஞ்சோடு கட்டிவைக்கிறோம். கங்காரு பராமரிப்பு என்று பெயர். கொலம்பியாவின் போகோட்டாவில் எழுபதுகளின் கடைசியில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் தொடங்கியது. அதிலும் துணிதான். ஆனால் குழந்தை நிமிர்ந்திருக்கும், முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கும், கழுத்து மடங்காது, பக்கத்திலேயே சிஸ்டர் இருப்பார்.

கட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன். வளையம் தோள் எலும்புக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். குழந்தையின் வயிறு உங்கள் நெஞ்சோடு ஒட்டவேண்டும். துணியின் கீழ் ஓரம் இரண்டு முழங்கால் மடிப்பிலும் போய் உட்காரவேண்டும். தவளை உட்காருகிற மாதிரி, முட்டி பிட்டத்தைவிட உயரமாக. இடுப்பில் கால் விரித்துத் தூக்கும் நம் பழக்கமும் அதே கணக்குதான், இடுப்பு மூட்டுக்கு நல்லது. மேல் ஓரம் கழுத்து வரை போதும், தலையை மூடாதீர்கள். வளையத்துக்கு வெளியே தொங்கும் துணியின் வாலை மொத்தமாக இழுத்தால் நடுவில் தொய்ந்துவிடும், ஓரம் ஓரமாக இழுத்து இறுக்குங்கள். கட்டி முடித்ததும் இரண்டு சோதனை. குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்க முடிகிறதா? மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைகிறதா? இல்லையென்றால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். பால் கொடுக்கச் சாய்த்திருந்தால், குடித்து முடித்ததும் மறுபடி நிமிர்த்துங்கள். இதை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

குறைமாதம், எடை குறைவு, சளி மூச்சிரைப்பு என்றால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் கட்டவே கட்டாதீர்கள். கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போகாதீர்கள், கொதிக்கிற ரசத்துக்கு யார் குழந்தை என்று தெரியாது. சித்திரை வெயிலில் ஸ்லிங்குக்குள் குல்லாவும் காலுறையும் எதற்கம்மா?

அப்புறம் பைக். அந்தப் பெண்ணும் பின்சீட்டில் உட்கார்ந்துதான் வந்திருக்கிறார். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றினால் ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2022இலேயே விதி போட்டிருக்கிறார்கள். ஸ்லிங் அந்தப் பட்டை ஆகாது. ஒன்றரை மாதக் குழந்தைக்கு எந்தப் பட்டையும் ஆகாது. ஆட்டோ பிடியுங்கள், தயவுசெய்து.

அந்த ஸ்லிங் வீட்டுப் பக்கத்துத் தையற்கடையில் தைத்தது. வழவழப்பான சிந்தெடிக் துணி, அதில் கோத்திருந்தது ஜன்னல் திரைக்குப் போடுகிற வளையம். துணி வழுக்கி இறங்கித்தான் குழந்தை உள்ளே சரிந்திருக்கிறது. பருத்தித் துணியும் மூட்டே இல்லாத வளையமும் வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வளையத்தைக் கேட்டு வாங்கி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். மூட்டு அரை விரற்கடை விரிந்திருக்கிறது. ஸ்லிங் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் அதைத்தான் எடுத்துக் கையில் கொடுக்கிறேன்.