சிட்னி துறைமுகத்துக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு

சிட்னி துறைமுகத்தை வரைபடத்தில் பாருங்கள். நீர்ப்பரப்பு மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து நிலத்துக்குள் போகும். அலை மோதிக் கரையை அரித்தால் இந்த வடிவம் வராது. சின்னச் சின்ன ஓடைகள் கூடி ஆறாகும் இடத்தில்தான் வரும். துறைமுகத்துக்கு அடியில் இருப்பது ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு, கடல் பிறகு வந்து அதை நிரப்பியது.

இந்த ஊரின் அடிப்பாறை மணற்கல். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு பேராறு கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகி உருவானது அது. பின்னாளில் வேறோர் ஆறு அந்தப் பாறையையே அறுத்து ஆழமான பள்ளத்தாக்கை உண்டாக்கியது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகின் தண்ணீரில் ஒரு பங்கு பனியாக நிலத்தில் தங்கியிருந்தது. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே. இன்று படகுகள் போகும் இடத்தில் அன்று மனிதர்கள் நடந்திருப்பார்கள். பனி உருக, கடல் மெல்ல உள்ளே ஏறி, ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை எட்டியது. பள்ளத்தாக்கு மூழ்கியது, மேடுகள் மட்டும் தீபகற்பங்களாக வெளியே நின்றன.

சரி, மூழ்கிய பள்ளத்தாக்குகள் உலகில் நிறைய உண்டே, பலவற்றில் வண்டல் நிரம்பிவிட்டதே, இது மட்டும் ஏன் தூர்ந்துபோகவில்லை? இதற்குள் வந்து சேரும் ஆறுகள் சின்னவை. அவற்றின் நீர்ப்பிடிப்பு சுமார் 500 சதுர கிலோமீட்டர்தான், அதிலும் கணிசமான பகுதி கெட்டியான பாறை. அதனால் வண்டல் குறைவு. துறைமுகப் பாலத்துக்கு அருகே ஆழம் 40 மீட்டரைத் தாண்டுகிறது. வாய்ப்பகுதியும் நல்ல அமைப்பு. வெளிக்கடலின் அலை நேராக நடுமுனை (மிடில் ஹெட்) என்ற பாறையில் மோதும், முக்கியக் கால்வாயோ தெற்கே திரும்பி மேற்கே வளைந்துவிடும். உள்ளே தண்ணீர் அமைதியாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

1770-இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் இதன் வாயைக் கடலிலிருந்து பார்த்து, போர்ட் ஜாக்சன் என்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே வராமலே போனார். 1788-இல் முதல் பிரிட்டிஷ் குடியேறிகளோடு வந்த ஆர்தர் பிலிப், ஆயிரம் போர்க்கப்பல்கள் பத்திரமாக நிற்கலாம் என்று எழுதினார். அவர் இறங்கிய இடத்தை முடிவு செய்தது ஒரு நன்னீர் ஓடை. டாங்க் ஸ்ட்ரீம் என்ற அந்த ஓடை இன்றும் நகர மையத்தின் தெருக்களுக்கு அடியில் ஓடுகிறது. அந்த ஓடையும் கரையும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் காடிகல் என்ற பூர்வகுடி மக்களுடையவை என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

1932-இல் திறந்த துறைமுகப் பாலத்தையும் தாங்குவது அதே மணற்கல்தான். 503 மீட்டர் வளைவு தன் எடையால் இரு கரைகளையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலைப் பாறை வாங்கிக்கொள்கிறது. வெயிலில் எஃகு விரியும்போது வளைவின் உச்சி 18 சென்டிமீட்டர் வரை மேலே எழும். கால்மாட்டில் உள்ள நான்கு கீல்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன. இருபுறமும் கம்பீரமாக நிற்கும் கல் கோபுரங்கள் வளைவைத் தாங்கவில்லை.

மேற்கே போகப் போகப் பாறை மாறுகிறது, ஊரும் மாறுகிறது. அங்கே களிப்பாறைச் சமவெளி. மண் கொஞ்சம் வளமானது என்பதால் முதலில் பண்ணைகள் வந்தன, அப்புறம் வீடுகள். 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 52 லட்சம் பேர் வாழ்ந்த இந்தப் பெருநகரில் 10 பேரில் 4 பேருக்கு மேல் வேறு நாட்டில் பிறந்தவர்கள். அவர்களில் ஏராளமானோர் இந்தச் சமவெளியில்தான் குடியேறினார்கள். பெண்டில் ஹில், டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் தமிழ்க் குரல்கள் சாதாரணம். ஆனால் கடற்காற்று அவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் வலுவிழந்துவிடும். 2020 ஜனவரி 4 அன்று மேற்கு ஓரத்தில் உள்ள பென்ரித்தில் வெப்பம் 48.9 டிகிரி செல்சியஸ். கரையோரத்தில் இருப்பவருக்கும் சமவெளியில் இருப்பவருக்கும் கோடை ஒன்றல்ல. இந்த நகரத்தைப் பற்றிப் பேசும்போது பாலத்தைவிட இதைத்தான் அதிகம் பேச வேண்டும் என்பேன்.

துறைமுகத்தின் உப்புநீர் முடிந்து நன்னீர் தொடங்கும் இடம் பராமட்டா. விலாங்குமீன்கள் கூடும் இடம் என்பது அந்தப் பூர்வகுடிப் பெயரின் பொருள். வளர்ந்த விலாங்குகள் இங்கிருந்து கிளம்பிப் பவளக்கடல்வரை நீந்திப் போய், முட்டையிட்டு, அங்கேயே இறந்துவிடுகின்றன. கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் குஞ்சுகள் கடல் நீரோட்டத்தில் மிதந்து வந்து, துறைமுகத்தின் வாய்க்குள் நுழைந்து, பாலத்துக்கு அடியில் கடந்து, பராமட்டா ஆற்றின் தடுப்பணையை அடைகின்றன. அங்கே ஈரச் சுவரைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகின்றன.