பிராங்கோஃபோன்: தமிழில் எப்படிச் சொல்வது?

எம்.ஏ. பிரெஞ்சு படிக்கிற பெண் ஒருத்தி போன வாரம் தன் பாடத்திட்டத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு பாடம் 'பிரெஞ்சு இலக்கியம்', அதற்கு அடுத்தது 'பிராங்கோஃபோன் இலக்கியமும் திரைப்படமும்'. ஓரத்தில் பென்சிலால் தமிழில் குறித்திருந்தாள், இரண்டுக்கும் 'பிரெஞ்சு இலக்கியம்' என்றே. அப்புறம் இரண்டாவதை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். "இதை எப்படி சார் எழுதுறது?" என்றாள். அந்தக் கேள்விக்குறிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

'பிராங்கோஃபோன்' என்ற சொல்லின் பின்பாதி எளிது. 'ஃபோன்' கிரேக்கத்தில் குரல், ஒலி. தொலைபேசியில் நாம் 'பேசி' ஆக்கிக்கொண்டது அதைத்தான். முன்பாதியான 'பிராங்கோ', பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் பெயர். பிரான்சுக்கும் பெயர் கொடுத்தவர்கள் அவர்கள்தான். இந்தப் பெயர் நமக்குப் புதிதும் இல்லை. சிலுவைப்போர்க் காலத்து அரபுகள் மேற்கு ஐரோப்பியர் எல்லாரையும் பிராங்குகள் என்றே அழைத்தார்கள், அது பாரசீகத்தில் 'ஃபரங்கி' ஆகி நம் கரைக்கு வந்து பறங்கி ஆனது. பறங்கிப்பேட்டை, பறங்கிக்காய், இலங்கையின் பறங்கியர் எல்லாம் அதன் கிளைகள்.

இரண்டையும் சேர்த்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஒனெசீம் ரெக்லு என்ற பிரெஞ்சுப் புவியியலாளர், 1880-இல். மக்களை இனத்தால் பிரிக்காமல் வாயில் வழங்கும் மொழியால் கணக்கெடுக்கப் பார்த்தார். ஆனால் அவர் குடியேற்ற ஆட்சியை மனதார ஆதரித்தவர், அந்தக் கணக்கு பிரெஞ்சுப் பேரரசு எவ்வளவு தூரம் பரவும் என்ற கணக்கும்தான். பிறகு சொல் நெடுநாள் தூங்கியது. 1962-இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலின் கவிஞர்-அதிபர் செங்கோர் 'எஸ்பிரி' என்ற பிரெஞ்சு இதழில் அதை மறுபடி எடுத்துப் பேசினார். 1970 மார்ச் 20 அன்று நைஜரின் நியாமே நகரில் பிரெஞ்சு வழங்கும் நாடுகளின் கூட்டமைப்புக்கு ஒப்பந்தம் ஆனது.

அகராதிப்படி பிரெஞ்சு பேசுகிற யாரும் பிராங்கோஃபோன்தான், பாரிஸ்காரர் உட்பட. பல்கலைக்கழகத்தில் மட்டும் பொருள் சுருங்கி, பெரும்பாலும் பிரான்சின் பழைய காலனிகளிலிருந்து பிரெஞ்சில் எழுதுபவர்களை மட்டும் குறிக்கிறது. 'பிரெஞ்சு இலக்கியமும் பிராங்கோஃபோன் இலக்கியமும்' என்று துறைகளுக்குப் பெயர் வைக்கிறார்களே, அந்த 'உம்' போடுகிற வேலியைப் பாருங்கள். வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் நாம் படித்த 'அந்நிய'னின் ஆசிரியர் ஆல்பெர் கமுய் 1913-இல், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில், ஐரோப்பியக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர். கதேப் யாசின் 1929-இல் அதே அல்ஜீரியாவில், அந்த மண்ணின் குடும்பத்தில் பிறந்தவர், அவரும் பிரெஞ்சில் எழுதியவர். கமுய் முதல் பாடத்தில் இருப்பார், கதேப் யாசின் இரண்டாவதில். கரீபியக் கடலில் இருந்தாலும் பிரான்சின் பகுதியான மார்த்தினிக் தீவின் கவிஞர் எமே செசேர் பிரெஞ்சுக் குடிமகன், பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பல்லாண்டுகள் உட்கார்ந்தவர், அவரையும் பெரும்பாலும் இரண்டாவதில்தான் வைக்கிறார்கள். மொழியும் ஒன்று, குடியுரிமையும் ஒன்று என்றால் பிரிப்பது வேறென்ன, தோல் நிறமும் காலனிய வரலாறும்தானே? 2007 மார்ச்சில் கரீபியத் தீவுகளின் மரீஸ் கோந்தே, எதுவார் கிளிசான் உட்பட 44 எழுத்தாளர்கள் 'லெ மோந்த்' நாளிதழில் அறிக்கை விட்டு, இந்தப் பிரிவினை போதும், 'பிரெஞ்சில் உலக இலக்கியம்' என்று சொல்லுங்கள் என்று கேட்டது இந்த வலியினால்தான்.

சினிமாவில் சொல் இன்னும் தடுமாறுகிறது. செனகலின் உஸ்மான் செம்பேன் 1968-இல் எடுத்த 'மந்தாபி' படத்தின் பெயருக்கு மணியார்டர் என்று பொருள். பாரிஸிலிருந்து சகோதரி மகன் அனுப்பிய பணம் செனகல் தலைநகர் டாக்கரின் தபாலாபீசில் காத்துக்கிடக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத மாமாவிடம் அடையாள அட்டை கேட்கிறார்கள், அட்டைக்குப் பிறப்புச் சான்று, போட்டோ, ஸ்டாம்பு. மனிதர் நீள அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார். அவர் பேசுவது செனகலின் வோலோஃப் மொழி, அவரை அலைக்கழிக்கிற தாள்கள் எல்லாம் பிரெஞ்சு. பிரெஞ்சு தெரியாமல் வதைபடும் ஒருவரின் கதை 'பிராங்கோஃபோன் சினிமா' பாடத்தில் வருகிறது! இதைப் பார்க்காமல் இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

சரி, தமிழில்? ஆளைச் சொல்ல 'பிரெஞ்சு பேசுபவர்' போதும். பாடத்துக்கு 'பிறநாட்டுப் பிரெஞ்சு இலக்கியம்' என்றால் மார்த்தினிக் பிறநாடு இல்லையே. 'புறப் பிரெஞ்சு' காதுக்கு நன்றாக இருந்தாலும் அதே வேலியைத் தமிழிலும் கட்டிவிடும். நமக்குத் தேவையான சொல்லாட்சி தொல்காப்பியப் பாயிரத்திலேயே இருக்கிறது. 'தமிழ் கூறும் நல்லுலகம்' என்று பனம்பாரனார் ஒரு நிலப்பரப்பை மொழியால் அளந்து சொன்னார். அந்த வழியில் 'பிரெஞ்சு கூறும் உலகம்' என்று சொல்லலாம். 'நல்' வேண்டாம், அடிமைக் கப்பலிலும் துப்பாக்கியோடும் போன மொழி அது. கதேப் யாசின் பிரெஞ்சைப் 'போரில் கிடைத்த கொள்ளைப்பொருள்' என்றே சொன்னார். ஆனால் 'கூறும்' என்பதில் ஒரு வசதி உண்டு: தாய்மொழியாகக் கூறுபவரும் அதற்குள் வருவார், பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிக் கற்றவரும் வருவார்.

அவளிடம் சொன்னபோது கேள்விக்குறியை அழித்து 'பிரெஞ்சு கூறும் உலகின் இலக்கியம்' என்று எழுதிக்கொண்டாள். "அப்ப கமுய் எதில சார் வருவார்?" என்றாள். இதிலேதான் என்றேன். முதல் பாடத்தின் பெயரையும் அடித்துவிட்டு, இரண்டையும் சேர்த்து ஓரத்தில் ஒரு கோடு இழுத்தாள்.